பஸ் நிலையக் காட்சியில் ஒரு சட்டை

ஜூன் 3

டைரக்டர் தம்பிக்கு,

நீ அனுப்பிய பென்டிரைவ் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் போட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டேன். உன் மாமா பார்க்கவில்லை. "நீ பாரு, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷனுக்கு அதைத் திரும்ப மாட்ட இரண்டு நாள் ஆயிற்று.

போனிலேயே சொல் என்றாய். சொன்னால் என் மூன்றாவது வாக்கியத்திலேயே "இல்லக்கா, அது ஏன்னா" என்று ஆரம்பிப்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

என் பிள்ளை பட்டாணி தொலைந்த கதையைப் படமாக எடுக்கப்போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எட்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நான்கு வயதுப் பிள்ளையைப் பஸ் நிலையத்தில் பறிகொடுத்து இருபத்துமூன்று வருஷம் ஆகிறது, இதில் படம் வேறா என்று கோபம். இப்போது பார்த்தபின் அந்தக் கோபத்தில் பாதிதான் மிச்சம். நிறை குறை இரண்டையும் மறைக்காமல் சொல் என்று கேட்டிருக்கிறாய். பதினெட்டு வருஷமாக செக்கிங் டேபிளில் நின்று, தைத்து முடித்த சட்டைகளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவளிடம் போய்க் கேட்டிருக்கிறாய். அனுபவி.

நிறை முதலில். உன் படத்துப் பிள்ளை நடிக்கவேயில்லை, நன்றாக இருக்கிறான். எதைக் கேட்டாலும் தோளைத் தூக்கிக் காதில் ஒட்டிக்கொள்கிறானே, அதை யார் சொல்லிக்கொடுத்தது? பிள்ளை தொலைந்த பிறகும் பஸ் நிலைய ஒலிபெருக்கி அது பாட்டுக்குப் பஸ் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது சரி. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, அந்தப் பெட்டியை உடைத்துப் போடலாமா என்று எனக்கு வந்தது. வந்தவன் போனவனெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லும் காட்சியில் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அப்புறம் சங்கடப்பட்டேன்.

இனி குறை. அந்த அம்மா அழுகிற அழுகைக்கு முன் வரிசையில் இருப்பவர்கள் குடை பிடிக்க வேண்டும். பிள்ளையைத் தொலைத்தவள் முதல் ஒரு மணி நேரம் அழமாட்டாள். திட்டுவாள். "கெடைக்கட்டும், முதுகுத் தோல உரிக்கறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்குவாள். திட்டுகிற வரைக்கும் பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். எப்போது திட்டு நிற்கிறதோ அப்போதுதான் கால் உதறும். அதை நீ எடுக்கவில்லை. அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் அவள் மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி எடுக்கிறாள். நான் அப்படிச் செய்யவில்லை. பல மாதம் எங்கள் வீட்டில் தட்டே வைக்கவில்லை. அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே தின்றோம். வயலின்காரரை யாராவது கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. படத்தில் அந்த அம்மாவுக்குத் தம்பியே இல்லை. ஏன்? டிக்கெட் வரிசையில் அவள்தான் பிள்ளையின் கையை விடுகிறாள். ஊருக்கு நான் சொன்னதும் அதுதான். ஆனால் வரிசைக்குப் போகும்போது அவன் கையை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். கூட்டத்தில் நழுவிட்டான்க்கா என்றாய். உனக்கு அப்போது பதினாறு வயது. அப்பாவின் பெல்ட்டையும் மாமாவின் கோபத்தையும் நீ தாங்கமாட்டாய் என்று நானே விட்டதாகச் சொன்னேன். அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. ஆனாலும் உன்னை ஏன் அடியோடு அழித்தாய் என்று கேட்கத் தோன்றியது.

கடைசியாக, செக்கிங்காரியின் குறை. வீட்டிலிருந்து கிளம்பும்போது பிள்ளை மஞ்சள் சட்டை போட்டிருக்கிறான். பஸ் நிலையக் கூட்டத்தில், தூணுக்குப் பின்னால் தெரிகிறவன் நீலக் கோடு போட்ட பனியனில் இருக்கிறான். நடுவில் சட்டை மாற்றும் காட்சி எதுவும் இல்லை. இதைப் பார்க்க ஆள் வைத்திருப்பீர்களே, அவர் தூங்கிவிட்டாரா?

உன் அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் நிறை குறை சொன்ன பகுதியை மட்டும் எடிட்டரிடம் படித்துக் காட்டினேன். உங்கள் அக்காவை நம் ஆபீசுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

வயலினைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். தட்டுக் காட்சியைத் தூக்கிவிட்டேன். அது நன்றாக இருக்கிறது என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. திட்டுகிற விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நீ திட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. உன் பின்னாலேயே நானும் பஸ் பஸ்ஸாக ஏறினேன். ஆனால் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "அம்மா அழலேன்னா தியேட்டர்ல எவன் அழுவான்?" என்று கேட்கிறார். நடிகையும் கிளிசரின் இல்லாமலேயே அழுதேனே என்று சண்டைக்கு வருகிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

தம்பி பாத்திரம் எழுதியிருந்தேன். ஆட்கள் அதிகமானால் கதை சிதறும் என்று எடுத்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சட்டை விஷயம் வெறும் கண்டினியுட்டி தவறு. இரண்டு காட்சியையும் வேறு வேறு மாதத்தில் எடுத்தோம், கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அந்த நீலத்தை மஞ்சளாக்கிவிடலாம், நான்கு நாள் வேலை. அதை நினைத்து நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

ஜூலை பதினைந்தாம் தேதி படத்தை மூட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நூல்கூட மாற்ற முடியாது. இத்துடன் ஒரு அனுமதிக் கடிதம் வைத்திருக்கிறேன். உண்மைச் சம்பவம் என்று போடுவதற்கு உன் கையெழுத்து வேண்டுமாம். அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் அனுப்பு.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

ஜூன் 14

தம்பி,

சாப்பாட்டு இடைவேளையில் செக்கிங் டேபிளின் ஓரத்தில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இன்றைக்குக் காலையிலிருந்து நான் பார்த்த பீஸ்களில் மூன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்படி நடந்ததேயில்லை. சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள்.

மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்று எழுதினாய். அதுதான் கோளாறு. நான் எதையும் கேட்காதபோது நீ சமாதானம் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று உன் ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். தூங்கினார்களா என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். நீ நான்கு நாள் வேலை, வேறு வேறு மாதம் என்று ஐந்து வரி எழுதியிருக்கிறாய்.

மறுபடி படத்தைப் போட்டேன். பதினொரு தடவை ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் லேப்டாப்பை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டாள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் அந்த அம்மா பிள்ளைக்குப் பொத்தான் போடுகிறாள். கேமரா கிட்டே போகிறது. அங்கே நிறுத்திப் பார்த்தேன்.

அந்தச் சட்டையின் இடது பை கோணல். அடி ஓரம் வெள்ளை நூலில் தைத்திருக்கிறது.

நான் தையல் கற்றுக்கொண்டு முதன்முதலாகத் தைத்த சட்டை பட்டாணியின் மஞ்சள் சட்டை. பைக்கு வரும்போது மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது. கடை மூடியிருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று வெள்ளையில் ஓட்டினேன். அவசரத்தில் பை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பிரித்துத் தைக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டையோடுதான் என் பிள்ளை போனான். நோட்டீஸில் அச்சடித்தோம், கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினோம், பஸ்ஸுக்குப் பஸ் ஒட்டினோம். "மஞ்சள் சட்டை, காப்பிக்கலர் கால்சட்டை."

உன் காஸ்ட்யூம்காரர் என் தப்பை எப்படித் தைத்தார்?

அப்புறம் அந்த நீலக் கோட்டுப் பனியன். பட்டாணிக்கு அப்படி ஒன்று இருந்தது, அன்றைக்குப் பையில் மாற்றுத் துணியாக வைத்திருந்தேன். பிறகு வீட்டில் தேடினால் அதைக் காணோம். பஸ் நிலையத்தில் ஓடிய ஓட்டத்தில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னது கிடையாது. உன் படத்தில் அது எப்படி வந்தது?

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. எனக்குப் பதில் வேண்டும். "அது ஏன்னா" என்று ஆரம்பிக்காதே. நடந்ததை எழுது.

அக்கா

ஜூன் 20

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன், திரும்பப் படிக்காமல் உறையில் போடப்போகிறேன்.

அது அதே சட்டைதான். இருபத்துமூன்று வருஷமாக என்னிடம்தான் இருந்தது.

நீ வரிசைக்குப் போனதும் அவன் கலர் சோடா வேண்டும் என்று அடம்பிடித்தான். ஒரு பாட்டில் சிவப்புக் கலர் வாங்கிக் கொடுத்தேன். முக்கால்வாசியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். நீ ஆசையாகத் தைத்த சட்டை, வந்ததும் என்னைத் தொலைத்துவிடுவாய் என்று பயந்தேன். பையிலிருந்து அந்தப் பனியனை எடுத்து மாட்டிவிட்டேன். பையின் மேல் உட்கார வைத்து, "இங்கயே உக்காரு, அசையாத, இதோ வந்துடறேன்" என்று சொன்னேன். தோளைத் தூக்கிக் காதில் ஒட்டிக்கொண்டான். அந்தப் படத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

குழாய் இருபது அடி தள்ளி இருந்தது. யாரோ விட்டுப்போன சோப்புத் துண்டு கிடந்தது. கறை போகவேயில்லை. போகாமல் வரமாட்டேன் என்று தேய்த்தேன். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் தேய்த்திருப்பேன், பன்னிரண்டுகூட இருக்கலாம். திரும்பினேன். பை இருந்தது. அவன் இல்லை.

கூட்டத்தில் கை நழுவியது என்று சொன்னது பொய். கையே பிடித்திருக்கவில்லை. ஈரச் சட்டையைப் பையின் அடியில் திணித்துவிட்டுத்தான் உன்னிடம் ஓடி வந்தேன். போலீஸ்காரர் என்ன போட்டிருந்தான் என்று கேட்டார். "மஞ்சச் சட்டை சார், நானே தெச்சது" என்று நீ முந்திக்கொண்டு சொன்னாய். நான் வாயைத் திறந்தேன். சட்டையைச் சொன்னால் குழாயைச் சொல்ல வேண்டும். குழாயைச் சொன்னால் முதுகைக் காட்டியதைச் சொல்ல வேண்டும். எப்படியும் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுவான், கிடைத்த பிள்ளையின் சட்டையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் நோட்டீஸ் அச்சாகிவிட்டது. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீதான் கையை விட்டதாக மாமாவிடம் சொன்னாய். அதன் பிறகு என்னால் சொல்லவே முடியவில்லை.

படத்துக்குக் காஸ்ட்யூம்காரர் ஆறு மஞ்சள் சட்டை தைத்தார். எதுவும் சரியாக இல்லை. நான் போய்ப் பெட்டியைத் திறந்து, அன்று ராத்திரியே பையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்த இதைக் கொடுத்தேன். கறையைக் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழாய்க் காட்சியையும் எடுத்தேன் அக்கா, தம்பியை வைத்தே, உள்ளது உள்ளபடி. பிறகு எடிட்டிங்கில் அதையும் தம்பியையும் வெட்டிப் போட்டேன். கூட்டத்தில் தெரியும் பனியன் அந்த வெட்டில் மிஞ்சியது. உலகத்தில் உன் ஒருத்தி கண்ணுக்குத்தான் அது படும். அப்படியிருந்தும் உனக்குத்தான் முதலில் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தம்பி

ஜூன் 24

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் சோற்றிலேயே மறைத்தாய், நானும் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

நீ குழாயடியில் நின்றதற்குக் கோபமில்லை. பத்து நிமிஷம் முதுகைக் காட்டாத ஆள் யாரும் இல்லை. நானும் வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் சட்டை. ஒரு வார்த்தை, தம்பி. "நீலம்" என்று ஒரு வார்த்தை. என்னிடம் வேண்டாம், போலீஸ்காரரின் காதில் போய்ச் சொல்லியிருக்கலாம். பேர் போடாமல் ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நோட்டீஸில் நம் வீட்டுப் போன் நம்பர் இருந்தது. முதல் மூன்று மாதம் நான் போனை விட்டு அசையவில்லை. வந்த ஒவ்வொரு அழைப்பையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யார், எங்கிருந்து, என்ன பார்த்தார்கள் எல்லாம். மஞ்சள் சட்டை என்றால் மாமா கிளம்பிப் போய்விடுவார். பத்தொன்பது மஞ்சள் சட்டைப் பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மற்றதையெல்லாம் நான் அடித்துவிடுவேன்.

உன் கடிதம் வந்ததும் பரண் மேலிருந்து அந்த நோட்டை இறக்கினேன். ஒன்பதாம் நாள், மத்தியானம். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் ஒரு பெண் பேசியிருக்கிறாள். பஸ்ஸில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து. நான்கு வயது இருக்கும், வாயே திறக்கமாட்டேன் என்கிறான், நீலக் கோடு போட்ட பனியன். என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. பக்கத்தில், "நம் பிள்ளை இல்லை." மேலே இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறேன்.

அவள் குரல்கூட ஞாபகம் வருகிறது. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, சட்டைய மாத்தியிருக்கலாம்ல" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம் புள்ள சட்டை எனக்குத் தெரியாதா? போன வைங்க, வேற யாராச்சும் கூப்பிடுவாங்க" என்று சொன்னேன். கால்சட்டை என்ன கலர் என்றுகூடக் கேட்கவில்லை.

என் வாயால் சொன்னேன். எம் புள்ள இல்ல என்று.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை யாருடையது, சட்டை என்ன, போன் என்ன, எதையும் விடவில்லை. கடைசி வரை கேட்டார். பிறகு, "இருபத்துமூணு வருஷமா ஒன்ன மொறைச்சுக்கிட்டேதான சோறு தின்னேன்" என்றார். அடுத்து அவர் கேட்டது, "அந்த பங்க் எந்த ரோட்டுல?"

நாளைக் காலை கிளம்புகிறோம். நீ வராதே. போனும் செய்யாதே. உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 28

அக்கா,

நீங்கள் கிளம்பிப் போயிருப்பீர்கள் என்று தெரிந்தே வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். வேறு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. வரவில்லை, போன் செய்யவில்லை. சொன்னபடி இருக்கிறேன். இரண்டு தடவை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன்.

ஒன்பதாம் நாள். அன்றைக்கு நான் நம் வீட்டில்தான் இருந்தேன். நீ போனை வைத்துவிட்டு, "யாரோ நீலப் பனியனாம்" என்று சலித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாய். எனக்குக் கேட்டது அக்கா. இதையும் எழுதாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை. எனக்குக் கேட்டது. எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு மேல் என்னிடம் மறைக்க எதுவும் இல்லை.

குழாய்க் காட்சியைப் படத்தில் திரும்பச் சேர்த்துவிட்டேன். அம்மா கையை விடும் காட்சியை எடுத்துவிட்டேன். தயாரிப்பாளர் குதிக்கிறார். "தம்பிக்காரன் தொலைச்சா எவன்யா கண்ணீர் விடுவான்" என்கிறார். பதினைந்தாம் தேதி படம் மூடாது. மூடாமலே போனாலும் போகட்டும். நீ முதல் கடிதத்தில் கேட்டாயே, உன்னை ஏன் அழித்தாய் என்று. படம் முழுக்க இருந்த குறை அது ஒன்றுதான். மற்ற குறையெல்லாம் அந்த ஓட்டையை அடைக்கப்போய் வந்தவை. அழுகை, வயலின், தட்டு எல்லாமே.

எங்கே இருக்கிறீர்கள்? என்ன ஆயிற்று? ஒரு வரி போடு.

தம்பி

ஜூலை 6

தம்பி,

வேறு ஊரில், ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வீட்டுக்கு எழுதிய கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் போனில் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டேன். அதைப் பற்றி இப்போது எழுதத் தெம்பில்லை. மாமா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பங்க் அதே இடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணும் இருக்கிறாள், வேலையிலிருந்து நின்றுவிட்டாள், பின்னாலேயே வீடு. நான் பேச ஆரம்பித்ததும், "நீலப் பனியனா?" என்றாள். கால்சட்டைப் பை நிறையக் கல் பொறுக்கி வைத்திருந்தானாம். அவன் தொலைந்த அன்றைக்கே ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவனை ஒன்பது நாள் தன்னோடு வைத்திருக்கிறாள். நான் இல்லை என்று சொன்ன பிறகு, இந்த ஊர்க் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு மாதமும் வந்து பார்த்தாளாம், இரண்டு வருஷம். நான் அவள் காலில் விழப்போனேன். "எந்திரிம்மா, பிள்ளைய மொதல்ல பாரு" என்று அதட்டினாள்.

காப்பகத்தில் பழைய ஃபைல்களை எடுத்து வர மூன்று நாள் ஆக்கினார்கள். உள்ளே அவனைச் சேர்த்த அன்று எடுத்த போட்டோ இருந்தது. பனியனின் நீலம் மங்கிவிட்டது, கோடு தெரிகிறது. தோளைத் தூக்கிக் காதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.

பட்டாணிதான். உயிரோடு இருக்கிறான் தம்பி. பதினெட்டு வயது வரை அங்கேயே வளர்ந்து, எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டு போயிருக்கிறான். இப்போது இருபத்தேழு. கல்யாணம் ஆகிவிட்டதாம்.

முகவரி தரமாட்டேன் என்கிறார்கள். சட்டம் மட்டும் காரணமில்லை. வார்டன் முதலில் தயங்கினார், பிறகு ஃபைலைத் திருப்பி என் பக்கம் வைத்தார். இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "விளம்பரத்தில் கண்ட எண்ணுக்குப் பேசப்பட்டது. குழந்தை தன்னுடையது அல்ல என்று தாயார் உறுதியாகக் கூறினார்."

பதினெட்டு முடிந்து வெளியே போகும் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் ஃபைலைப் படிக்கக் கொடுப்பார்களாம். அவன் படித்திருக்கிறான். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான் என்று வார்டன் சொன்னார். பிறகு, யாராவது என்னைத் தேடி வந்தால் முகவரி கொடுக்காதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அவனுக்கு நாங்கள் தேடியது தெரியாது. கூப்பிட்டும் வேண்டாம் என்று சொன்ன அம்மாவைத்தான் தெரியும்.

ஒரே ஒரு கடிதம் கொடுங்கள், அனுப்பி வைக்கிறேன் என்கிறார் வார்டன். பதில் போடுவதும் போடாததும் அவன் இஷ்டம். இரண்டாவது கடிதம் வாங்கமாட்டார்கள். நேற்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். நான் என்ன எழுதினாலும் அது சாக்குச் சொல்கிற மாதிரிதான் இருக்கிறது. சட்டை மஞ்சள் என்று நினைத்தேன் என்று ஒரு தாய் எழுதினால் எவன் நம்புவான்?

நீ எழுது. அவன் கண்ணில் கடைசியாகப் பட்ட ஆள் நீ. பனியனை மாட்டியவன் நீ. அலங்காரம் வேண்டாம், வயலின் வேண்டாம். உன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை வைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா

ஜூலை 9

அக்கா,

எழுதிவிட்டேன். படித்துப் பார்த்து, சரியில்லை என்றால் கிழித்துவிட்டுச் சொல், வேறு எழுதுகிறேன். அவனுக்கு இப்போது வைத்திருக்கும் பெயர் தெரியாததால் பெயர் போடாமலே ஆரம்பித்திருக்கிறேன்.

"தம்பி, நான் உன் அம்மாவோடு கூடப் பிறந்தவன். உன் ஃபைலில் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் காரணம் நான். நீ தொலைந்த அன்று காலை மஞ்சள் சட்டை போட்டிருந்தாய். அதில் நீ கலரைக் கொட்டிக்கொண்டதால், உன் அம்மாவுக்குத் தெரியாமல் நான் நீலக் கோட்டுப் பனியனை மாட்டிவிட்டேன். சட்டையைத் துவைக்கக் குழாய்க்குப் போனேன். உன்னைத் தனியாக உட்கார வைத்தது நான். திட்டு விழும் என்ற பயத்தில் சட்டை மாற்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா மஞ்சள் சட்டைப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். நீலப் பனியன் என்று போன் வந்தபோது அவள் மறுத்தது உன்னையல்ல. அந்தப் போன் வந்தபோது நான் அதே அறையில் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இது அவளுக்குத் தெரிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. தெரிந்ததும் கிளம்பி வந்துவிட்டாள். அந்தச் சட்டையை இத்துடன் அனுப்புகிறேன். அதன் இடது பையில் உள்ள வெள்ளைத் தையல் அவள் போட்டது. கறை இன்னும் போகவில்லை. நீ என்னைப் பார்க்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். அவளுக்கு மட்டும் ஒரு பதில் போடு."

சட்டை தனிப் பார்சலில் வருகிறது.

தம்பி

ஆகஸ்ட் 21

தம்பி,

நீ எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுத்தேன். மாமா படித்துவிட்டு, "எழுதிட்டான்" என்று மட்டும் சொன்னார். உன்னோடு நான் பேசுவேனா என்று தெரியவில்லை. பேசமாட்டேன் என்று இருந்துவிட்டு, இதைச் சொல்ல உன்னைத் தவிர யாரும் இல்லை என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறு வாரம் எதுவும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைவதையே நிறுத்திவிடுவார் போல இருந்தது, அவ்வளவு தூரம் எதிரே போய் நிற்பேன். உன் மாமா இருக்கிற மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டார். நேற்று ஃபேக்டரியிலிருந்து வரும்போது கதவிடுக்கில் ஒரு உறை இருந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை, காப்பகத்தின் முத்திரைதான்.

உள்ளே ஒரே தாள். அன்புள்ள என்றும் இல்லை, அம்மா என்றும் இல்லை. கையெழுத்து மாமாவுடையது மாதிரியே சாய்ந்திருக்கிறது. நான்கு வரிதான், அப்படியே எழுதுகிறேன்.

"சட்டை வந்தது. என் மகனுக்கு இரண்டு வயது, அவனுக்குப் பெரிதாக இருக்கிறது. காப்பகத்தில் என் பிறந்த நாளை ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்கள், அங்கே எல்லோருக்கும் அதுதான். என் பிறந்த நாள் எது?"

கீழே ஒரு முகவரி எழுதியிருக்கிறான்.

மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். புதன்கிழமை என்று எழுதினேன். காலை ஒன்பது இருபதுக்குப் பிறந்தாய், இரண்டே முக்கால் கிலோ இருந்தாய், பிறந்தபோது அழவேயில்லை, நர்ஸ் தட்டித்தான் அழ வைத்தாள் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரிகூட வரவில்லை, அப்படியே தபாலில் போட்டுவிட்டேன்.

அக்கா